பேர் பதிவது வேறு, கொழுந்து நிறுப்பது வேறு: விக்கியில் புதுக் கணக்குக்கு ஒப்புதல் எதற்கு?

"நம்ம விக்கியை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க." ஒரு மழைநாள் காலையில் தலவாக்கலையிலிருந்து நண்பர் போன் எடுத்துச் சொன்ன முதல் வார்த்தை இது. நாங்கள் சிலர் சேர்ந்து இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் புழங்கும் சொற்கள், தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாட்டுகள், தோட்டங்களுக்கு நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர்கள் என்று எல்லோரும் எழுதக்கூடிய ஒரு சிறிய விக்கியில் சேர்த்து வருகிறோம். அன்று திறந்தபோது 'அண்மைய மாற்றங்கள்' பக்கம் முழுக்க கூரை பழுதுபார்க்கும் கம்பெனி, ஆன்லைன் சூதாட்டம், எடை குறைக்கும் மாத்திரை. முந்தின நாள் ஒரு தங்கச்சி உட்கார்ந்து எழுதிய 'பெரட்டுக்களம்' (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) பக்கம் அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்தது.

யாரும் ஹேக் பண்ணவில்லை. பூட்டு எதுவும் உடையவில்லை. திறந்திருந்த வாசல் வழியாக வந்து, கணக்குத் திறந்து, எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். 'வந்தார்கள்' என்பதுகூடச் சரியில்லை, வந்தவை இயந்திரங்கள்.

அதன் பிறகு இதைப் பற்றிப் பேசிய இடமெல்லாம் ஒரே குழப்பம். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார் ஒருவர். மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கேப்சா போட்டால் தீர்ந்தது என்றார் இன்னொருவர். விக்கியையே பூட்டிவிடலாம் என்றார் மூன்றாமவர். ஊருக்காக, கோயிலுக்காக, பள்ளிக்காக விக்கி தொடங்க நினைக்கும் பலரும் இந்த இடத்தில்தான் சோர்ந்து போகிறார்கள். அதனால் அடியிலிருந்து எழுதுகிறேன்.

சுவரும் போஸ்டரும்

விக்கி என்பது, படிப்பவரே திருத்தவும் எழுதவும் முடிகிற இணையத்தளம். வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995இல் முதல் விக்கியைத் தொடங்கினார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. நாங்கள் பாவிப்பது மீடியாவிக்கி என்ற இலவச மென்பொருள். விக்கிப்பீடியா ஓடுவதும் இதில்தான், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளம் ஓடுவதும் இதில்தான்.

மீடியாவிக்கியை நிறுவி அப்படியே விட்டால், கணக்கு இல்லாதவர்கூட எழுதலாம், யாரும் கணக்குத் திறக்கலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் மெயின் ரோட்டுப் பக்கம் வெள்ளையடித்த சுவரை நினைத்துப் பாருங்கள். ஹட்டன் டவுனில் அப்படி ஒரு சுவர் எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? போஸ்டர் ஒட்ட வருகிறவருக்கு அது கோயில் சுவரா, வாசிகசாலைச் சுவரா என்ற கவலை இல்லை. சுவர் காலியாக இருக்கிறது, பசை கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே போஸ்டர் ஒட்டுவது பாட். மனிதர் உட்காராமல் தானே இயங்கும் நிரலுக்குப் பெயர் பாட். அது இணையம் முழுக்க மீடியாவிக்கி தளங்களைத் தேடி, கணக்குத் திறக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்து, படிவத்தை நிரப்பி, உள்ளே வந்து விளம்பரம் எழுதும். அப்படி வந்து விழும் வேண்டாத விளம்பரம்தான் ஸ்பாம். தமிழ் விக்கிப்பீடியாவில் 'எரிதம்' என்றும் எழுதுவார்கள்.

"நம்ம சின்ன விக்கி மேல யாருக்கு என்ன கோபம்?" என்று எங்கள் குழுவில் ஒருவர் மனம் நொந்து கேட்டார். யாருக்கும் கோபம் இல்லை. அந்த பாட் நிரலுக்கு நம் விக்கி தமிழில் இருக்கிறது என்பதே தெரியாது.

இதில் அவர்களுக்கு என்ன லாபம்?

தாலாட்டுப் பாட்டுப் பக்கத்தில் வந்து கூரை விளம்பரத்தை யார் படிக்கப் போகிறார்கள்? யாரும் இல்லை. அது மனிதர் படிப்பதற்காக எழுதியதே இல்லை, தேடுபொறி படிப்பதற்காக எழுதியது.

புது ஊருக்குப் போய் நல்ல தையற்கடை எங்கே என்று நாலு பேரிடம் கேட்கிறீர்கள். மூன்று பேர் ஒரே கடையைக் கை காட்டினால் அங்கேதான் போவீர்கள். 1998இல் கூகுள் தொடங்கியபோது அதன் அடிப்படை யோசனையும் கிட்டத்தட்ட இதுதான்: ஒரு தளத்தை நோக்கி எத்தனை தளங்கள், எவ்வளவு மதிப்புள்ள தளங்கள் கை காட்டுகின்றன என்று பார்ப்பது. இங்கே கை காட்டுவது இணைப்பு, அதாவது லிங்க். ஆகவே ஆயிரம் விக்கிகளில் தன் கடைக்கு லிங்க் போட்டுவிட்டால், ஆயிரம் பேர் கை காட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்பது ஸ்பாம்காரரின் கணக்கு.

தேடுபொறிகள் இதற்கு ஒரு மருந்து கண்டன. 2005இல் 'நோஃபாலோ' என்ற குறி வந்தது. ஒரு லிங்கின் மேல் அந்தக் குறி இருந்தால், "இதை நான் காட்டிய கையாக எண்ணாதே" என்று தளம் தேடுபொறிக்குச் சொல்வதாக அர்த்தம். மீடியாவிக்கி வெளி லிங்குகளுக்கு இந்தக் குறியைத் தானாகவே போட்டுவிடும். அப்படியானால் ஸ்பாம் நின்றிருக்க வேண்டுமே? நிற்கவில்லை. பாட் ஓட்டுவதற்குச் செலவு மிகக் குறைவு. ஒவ்வொரு தளத்திலும் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டுப் போவது அவர்களுக்குச் சுலபம்.

இதுவரை பார்த்தது: விக்கியில் ஸ்பாம் வருவது பூட்டை உடைத்து அல்ல, கணக்குத் திறந்து. எழுதுவது பெரும்பாலும் இயந்திரம், குறி வைப்பது தேடுபொறியை. ஆகவே பாஸ்வேர்டை மாற்றி ஒன்றும் ஆகாது. கணக்குத் திறக்கும் இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

பேரும் கொழுந்தும்

மிகப் பெரிய குழப்பம் இங்கேதான் இருக்கிறது. 'ஒப்புதல்' என்றதும், எழுதுவதையெல்லாம் ஒருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்வது என்று நினைத்துவிடுகிறார்கள். உடனே, "அப்ப நாங்க எழுதுறது நல்லா இருக்கா இல்லையான்னு நீங்க யாரு சொல்ல?" என்ற கோபம் வருகிறது. கேள்வி நியாயம்தான். ஆனால் பேசும் விஷயம் வேறு.

தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிவது ஒரு வேலை, மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து நிறுப்பது இன்னொரு வேலை. பேர் பதியாமல் மலைக்குப் போக முடியாது. ஆனால் பேர் பதிந்தவர் கொண்டுவரும் கொழுந்தில் முற்றிய இலையும் தண்டும் கிடக்கிறதா என்று பார்ப்பது தராசு இருக்கும் இடத்தில்தான். பேர் பதிகிற இடத்தில் யாரும் கொழுந்தைக் கிளறிப் பார்ப்பதில்லை.

புதுக் கணக்குக்கான ஒப்புதல் பேர் பதிவது மாதிரி. வருகிறவர் மனிதரா, எழுத வருகிறாரா, லிங்க் ஒட்ட வருகிறாரா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. அவருக்கு எழுத்துப்பிழை வருமா, நன்றாக எழுதுவாரா, நம்மோடு ஒத்துப்போவாரா என்பதெல்லாம் அந்த இடத்துக் கேள்வியே இல்லை. இதை மறந்து, விண்ணப்பத்தை வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரி பார்க்கத் தொடங்கினால், ஸ்பாமோடு சேர்த்து ஆட்களும் நின்றுவிடுவார்கள்.

வரிசைக்குள் என்ன நடக்கிறது

மீடியாவிக்கியோடு கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரலுக்கு நீட்சி என்று பெயர். கணக்கு ஒப்புதலுக்கு 'கன்ஃபர்ம் அக்கவுண்ட்' என்று ஒரு நீட்சி இருக்கிறது. அதைப் போட்டபின், 'கணக்குத் திற' என்பதை அழுத்துகிறவருக்கு உடனே கணக்கு கிடைக்காது. ஒரு விண்ணப்பப் படிவம் வரும். விரும்பும் பயனர் பெயர், மின்னஞ்சல், தன்னைப் பற்றிச் சில வரிகள். அனுப்பியதும் அந்த மின்னஞ்சலுக்கு ஓர் உறுதிப்படுத்தும் லிங்க் போகும். அதை அழுத்தினால் விண்ணப்பம் வரிசையில் வந்து நிற்கும். நிர்வாகி, அதாவது விக்கியைப் பராமரிக்கும் பொறுப்பும் உரிமையும் உள்ளவர், படித்துப் பார்த்து ஏற்பார், மறுப்பார், அல்லது கூடுதல் விவரம் கேட்டு நிறுத்தி வைப்பார். ஏற்ற பிறகுதான் கணக்கே உண்டாகிறது, பாஸ்வேர்டு மின்னஞ்சலில் போகிறது.

இதில் இரண்டு இடத்தில் நாங்கள் வழுக்கினோம்.

முதலாவது, கணக்குத் திறப்பதை வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டு, கணக்கே இல்லாமல் எழுதும் வழியை அப்படியே விட்டுவிட்டோம். முன் கதவைப் பூட்டிவிட்டு குசினிக் கதவைத் திறந்து வைத்த கதை. இரண்டு நாளில் ஸ்பாம் அந்தப் பக்கமாக வந்தது. ஒப்புதல் முறை வைக்கும் விக்கியில், கணக்கில்லாதவர் எழுதும் உரிமையையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வரிசைக்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது, அந்த நீட்சி தானாகவே வைத்திருக்கும் அளவுப்படி விண்ணப்பதாரர் தன்னைப் பற்றிக் குறைந்தது 50 சொற்கள் எழுத வேண்டும். பாட் 50 சொல்லை நொடியில் எழுதும். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து போனைக் கையில் எடுக்கும் அக்காவுக்கு 50 சொல் என்பது பெரிய மலை. நாங்கள் அந்த எண்ணை ஐந்தாகக் குறைத்தோம். அதன் பிறகுதான் நாங்கள் தேடிய ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

இரண்டு விண்ணப்பங்கள்

வரிசையில் நின்ற இரண்டைக் காட்டுகிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி.

ஒன்று சுத்தமான ஆங்கிலத்தில். பெயர் ஒரு முதற்பெயரும் நான்கு இலக்கமும். "நான் அறிவைப் பகிர்வதில் மிகுந்த ஆர்வம் உள்ளவன், உங்கள் அருமையான தளத்துக்கு என் பங்களிப்பைத் தர விரும்புகிறேன்" என்ற பொருளில் மூன்று வாக்கியம். பிழையே இல்லை. நான்காவது வாக்கியத்தில் ஒரு தளபாடக் கடையின் முகவரி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த நீட்சியில் அமைப்பை மாற்றாவிட்டால், விண்ணப்பத்தில் எழுதிய அறிமுகமே அவருடைய பயனர் பக்கமாக வெளியாகும். ஒப்புதல் கொடுத்த நிமிடமே லிங்க் ஒட்டியாகிவிட்டது.

மற்றது ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். முற்றுப்புள்ளி இல்லை. "அப்பாயி பாடுற தாலாட்டு இருக்கு எழுத தெரியாது போன்ல ரெக்கோட் பண்ணி வச்சிருக்கேன் போடலாமா". பயனர் பெயராக ஒரு நடிகர் பெயரும் பிறந்த ஆண்டும். அன்று வரிசையைப் பார்த்தவர் களைப்பில் ஸ்பாம் என்று தள்ளிவிட்டார். பார்த்தவர் நான்தான். ஸ்பாம் என்று தள்ளினால் விண்ணப்பித்தவருக்கு அறிவிப்பும் போகாது. நான்கு நாள் கழித்து, தள்ளியவற்றைத் திரும்பப் பார்த்தபோது கண்ணில் பட்டது. அந்தப் பிள்ளைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் எனக்கு எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து எங்களிடம் ஒரு பழக்கம். ஒழுங்காக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை, குறிப்பாக ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார்க்கிறோம். பாட் எழுதுவது எந்தத் தளத்துக்கும் பொருந்தும். மனிதர் எழுதுவது இந்த விக்கிக்கு மட்டும்தான் பொருந்தும். சந்தேகம் வந்தால் தள்ளாமல் நிறுத்தி வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதுகிறோம்: "எந்தப் பாட்டு?" மனிதர் என்றால் பெரும்பாலும் பதில் வருகிறது.

சுருக்கமாக: வரிசை என்பது கணக்கு உண்டாவதற்கு முன்னால் ஒரு மனிதக் கண் படும் இடம். அந்தக் கண் களைத்திருந்தால் நல்லவரும் வெளியே நிற்பார்.

அடையாள அட்டை கேட்கலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. வரிசை வைத்தவுடன் யாராவது ஒருவர், "அடையாள அட்டை இலக்கம் கேட்டுவிட்டால் பிரச்சினை முடிந்ததே" என்பார். எங்கள் குழுவிலும் சொன்னார்கள்.

காகிதம் காட்டு என்ற சொல்லை நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள். கங்காணியின் (தோட்டத்துக்கு ஆள் பிடித்து வேலை வாங்கியவரின்) கடனோடு தொழிலாளியைக் கட்டிப்போட்ட 'துண்டு' என்ற சீட்டு 1921இல்தான் ஒழிந்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் ஒரே குடும்பத்தை இரண்டு நாடாகப் பிரித்தது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. அந்த வீட்டிலிருந்து ஒருவர் தாலாட்டு எழுத வரும்போது, வாசலில் நாமும் காகிதம் கேட்டு நிற்பதா?

உணர்ச்சியை விட்டுப் பார்த்தாலும் அது தேவையில்லாத வேலை. அடையாள அட்டை யார் என்று சொல்லும், ஸ்பாம் போடுவாரா என்று சொல்லாது. இன்னொன்று, வாங்கி வைத்த இலக்கங்களைப் பாதுகாக்கும் வசதி ஒரு சிறிய விக்கியிடம் கிடையாது. மின்னஞ்சல் ஒன்றே போதும். அதுவும் இல்லாதவருக்கு, தெரிந்த ஒருவர் சொல்லி நிர்வாகியே கணக்குத் திறந்து கொடுக்க மீடியாவிக்கியில் வழி இருக்கிறது.

கேப்சாவும் கூடையும்

வளைந்த எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்வது, படத்தில் பஸ் எங்கே என்று கேட்பது, இவைதான் கேப்சா: மனிதரையும் நிரலையும் பிரித்தறிய வைக்கும் சோதனை. இது வரிசைக்குப் பதிலாக வைப்பதல்ல, வரிசைக்கு முன்னால் வைப்பது. குப்பையில் பெரும்பகுதியை இது தடுத்துவிட்டால் வரிசையில் மனிதக் கண்ணுக்கு வேலை குறையும். இது மட்டும் போதாது, ஏனென்றால் கூலிக்கு ஆள் வைத்துக் கேப்சாவைத் தீர்க்கும் வியாபாரமே நடக்கிறது.

சிறிய விக்கிக்கு உதவுவது கேள்விக் கேப்சா. நாமே கேள்வியும் பதிலும் எழுதி வைக்கலாம். எங்கள் கேள்விகளில் ஒன்று: "கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும். அதன் கயிறு எங்கே மாட்டியிருக்கும்?" மலையகத்துப் பிள்ளைக்கு இது கேள்வியே இல்லை. 'தலை', 'தலையில்', 'தலையிலே', 'நெற்றி', ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் என்று எல்லாவற்றையும் சரியான பதிலாகச் சேர்த்து வைக்க வேண்டும். அதைச் சேர்க்காத முதல் நாளில் எங்கள் நண்பர்களே உள்ளே வரமுடியாமல் நின்றார்கள். இப்போதைய செயற்கை நுண்ணறிவு நிரல்கள் இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடும். ஆனாலும் ஒரே அச்சில் எல்லாத் தளத்துக்கும் ஓடும் மலிவான பாட்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. கேள்வியை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே முகவரியில் ஒரு தோட்டம்

இணையத்தில் ஓர் இணைப்பு வெளியே தெரியும் எண்ணுக்கு ஐபி முகவரி என்று பெயர். ஸ்பாம் வந்த ஐபியைத் தடை செய்தால் போதும் என்பது பலரும் முதலில் சொல்லும் யோசனை. நம் ஊரில் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். போன் வழி இணையத்தில் பலருடைய போன்கள் ஒரே ஐபியில் வெளியே தெரிவது வழக்கம். ஒன்றைத் தடுத்தால் சம்பந்தமில்லாத பலர் வெளியே நிற்பார்கள். பாட் நிரலோ அடுத்த நிமிடம் வேறு ஐபியில் வரும். நீண்ட காலத் தடை போடவே வேண்டாம் என்பது என் அனுபவம்.

இதே காரணத்தால் பயிற்சிப் பட்டறைகளிலும் சிக்கல் வரும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓர் ஐபியிலிருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குகள்தான் திறக்கலாம். இருபது மாணவர்களை ஒரே வைஃபையில் உட்கார வைத்தால் ஏழாவது பிள்ளைக்குக் கதவு திறக்காது. பட்டறைக்கு முந்தின நாளே வீட்டிலிருந்து கணக்குத் திறந்துவரச் சொல்லுங்கள்.

ஒப்புதலுக்குப் பிறகு

ஒப்புதல் வாங்கிய கணக்கு என்றென்றைக்கும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். சில கணக்குகள் நல்ல பிள்ளையாக உள்ளே வந்து, மாதக்கணக்கில் சும்மா கிடந்து, பிறகு ஒரு நாள் பழைய பக்கத்தில் ஒரு லிங்கைச் செருகும். அதற்கு விக்கிப்பீடியா பாவிக்கும் வழி 'தானாக உறுதிப்பட்ட பயனர்' என்ற படி. ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்குக்கு 4 நாள் வயதும் 10 திருத்தங்களும் ஆனபின்தான் அந்தப் படி கிடைக்கும், அதுவரை சில வேலைகளுக்குத் தடை. தோட்டத்தில் தற்காலிகமாக வேலை செய்து பிறகு நிரந்தரமாவது மாதிரி. நாங்கள் வைத்திருப்பது எளிய ஏற்பாடு: புதியவர் எழுதலாம், பாட்டு ஏற்றலாம், வெளி லிங்க் மட்டும் முதல் பத்துத் திருத்தம்வரை போட முடியாது. தாலாட்டு எழுத வருகிறவருக்கு வெளி லிங்க் தேவைப்படுவதே இல்லை. ஸ்பாம்காரருக்கோ வேறு எதுவும் தேவையில்லை.

அப்புறம், வரிசை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்வம் வந்த அன்றைக்கே எழுதினால்தான் உண்டு. மூன்று நாள் காத்திருந்தவர் திரும்பி வந்தது எங்களிடம் மிகக் குறைவு. நாங்கள் மூன்று பேர் முறை வைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் பார்க்கிறோம். அதற்குக்கூட ஆள் இல்லாத விக்கி, ஒப்புதல் வரிசை வைக்காமல் கேள்விக் கேப்சாவும் லிங்க் தடையும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கனவே உள்ளே வந்தவை

முதலில் வரிசையை வைத்துவிட்டு, அதன் பிறகு உள்ளே கிடக்கும் குப்பையைக் கூட்டத் தொடங்குங்கள். நாங்கள் முறை மாற்றிச் செய்து, பகலில் அழித்ததை இரவில் திரும்பப் பெற்றோம். ஒரு பயனர் அண்மையில் உண்டாக்கிய பக்கங்களை ஒரே தடவையில் அழிக்க 'நியூக்' என்ற நீட்சி உதவும். ஆனால் கணக்கைச் சாதாரணமாக அழிக்க முடியாது. யார் எதை எழுதினார் என்ற வரலாறு அறுந்துவிடக் கூடாது என்பதால், மீடியாவிக்கியில் கணக்கைத் தடை செய்வதுதான் வழக்கம். அதனால் எங்கள் விக்கியின் புள்ளிவிவரப் பக்கம் இன்றைக்கும் நானூற்றுச் சொச்சம் பயனர்கள் என்று காட்டுகிறது. அதில் மனிதர்கள் முப்பத்தொரு பேர். முப்பத்தொன்றாவது ஆள் அந்த அப்பாயியின் பேத்தி.